அறுபது காசு மீதி

வரி இலாகாவின் கடிதம் என்றால்
நல்லது எதுவும் இருக்காது என்று
மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்,
அரிசி டின்னுக்குப் பின்னால்.

பிரித்தால், தப்பு அவர்களுடையது.
கையுறை ஆலையில் என் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்தது
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
அறுபது காசு.
தாமதத்துக்கு வருந்துகிறார்களாம்.

பாடாங் செராயில் பணத்துக்குக் கால் உண்டு.
நாத்தி போன் போட்டு, நான் கேட்காமலே
பவுன் விலை சொன்னாள்.
கோயில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து
கோப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.
கேட்டுக்கு மோட்டார் மாட்டலாம் என்றார் குணாளன்.
மழையில் இறங்கித் திறப்பது நான்தான்.
ஆக, அவர் சொன்னது எனக்காகத்தான்.

நான் லூனாஸ் சாலைக்குப் போனேன்.
சமையலறை அலமாரி செய்யும் டான்
புது மெஷின் இறக்கியிருந்தார்.
பழைய மேசை ரம்பம் மூலையில்,
தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு.
யாருக்கு, உன் வீட்டுக்காரருக்கா, என்றார் மலாயில்.
எனக்கு, என்றேன்.
என் பத்து விரலையும் ஒருமுறை பார்த்தார்.
பிறகு நூறு வெள்ளி குறைத்தார்.
கண்ணாடி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

ரம்பம் போக கிளாம்ப் ஆறு,
உளி மூன்று, சீவுளி ஒன்று,
தூசி உறிஞ்ச ஒரு பழைய வேக்கம்.
தனி வயர் இழுக்க மின்சாரக்காரன் கேட்டது நானூறு.
அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.
கார் நிறுத்தும் இடம் இப்போது என் பட்டறை.
மைவி ரம்புத்தான் மரத்தடியில்.
குணாளன் ஒன்றும் சொல்வதில்லை.
காலையில் கண்ணாடியில் குருவி எச்சத்தைத் துடைப்பார்,
தெருவுக்கே கேட்கும்படி.

கைபேசியில் ஒரு போலந்துக்காரன் சொல்லித் தருகிறான்.
அவன் பேச்சு புரியாது.
கை புரிகிறது.

கட்டை, மரத்தொழிற்சாலையில் கழித்த ரப்பர் துண்டு,
மூட்டை பன்னிரண்டு வெள்ளி.
எங்கள் ஊரில் மரம் வெட்டப் போனாள் என்றால்
மரம் சாயாது, பால்தான் இறங்கும்.
அம்மா முப்பது வருஷம் மரம் வெட்டினாள்.
வீட்டில் ஒரு பலகை கிடையாது.
நான் வெட்டினால் விழுகிறது.
சீவினால் சுருள் சுருளாக வருகிறது,
லேசாகப் புளித்த வாசனையோடு.
முதல் நாள் அந்த வாசனைக்குக்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
பிறகு முட்டி வலித்தது.
அதற்காகத்தான் முதலில் ஸ்டூல்.

நாலாவது கால் குட்டை.
சமமாக்க மற்ற மூன்றையும் அறுத்தேன்.
இப்போது முதல் கால் குட்டை.
மறுபடி அறுத்தேன்.
பூனைக்குச் சரியாக இருக்கும், என்றாள் யஷ்வினி.
கடைசியில் கடித உறையை நாலாக மடித்து
அடியில் செருகினேன்.
வருத்தம் தெரிவித்த அந்தத் தாள்
இப்போது என் எடையைத் தாங்குகிறது,
ஆடாமல்.

பக்கத்து வீட்டு ரொஹானி அக்கா
வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.
சத்தத்தைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.
சத்தத்தைப் பற்றித்தான்.
ஒன்பதுக்குமேல் வேண்டாம் என்றார்.
போகும்போது தன் வாசலில்
செருப்பு சிதறிக் கிடப்பதையும் சொன்னார்,
அகலம் இரண்டரை அடி என்று
அளவோடு.

வேலைவிட்டு வந்து ஏழரைக்கு ரம்பத்தைப் போட்டால்
மொத்த வீடும் இருண்டுவிடும்.
ஐஸ்பெட்டி அடங்கும். காற்றாடி தளரும்.
பாத்ரூமிலிருந்து மகள் என் பெயரைச் சொல்லிக் கத்துவாள்,
அம்மா என்று அல்ல, பெயரைச் சொல்லி.
நானூறு வெள்ளியின் ஞாபகம் அப்போதுதான் வரும்.

நேற்றும் இருண்டது.
இருட்டில், கண்ணாடியைக் கழற்றாமல் நின்றேன்.
செருப்பு உரசும் சத்தம். டார்ச் வெளிச்சம்.
குணாளன் மீட்டர் பெட்டியைத் திறந்து
விசையை மேலே தள்ளினார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.

சோற்றுப்பானையை அணைச்சாச்சு,
இப்போ போடு, என்றார்.
நான் போடும்வரை
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.